வாயால் சொல்லுங்கள்

டுலூத் நகரில், ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரியில்,
ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் நான்காம் மாடியில்
ஆரின் ஹவுக்லாண்ட் சொன்னதையெல்லாம்
இயந்திரத்தில் அடித்தவள் நான்.
நிமிடத்துக்கு இருநூற்று இருபது சொல்.
நம்புவதும் நம்பாததும் என் சம்பளத்தில் சேராது.

இருபத்தொன்பது வருடம் தபால்காரர்.
மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர் இது,
வீட்டுக்கு வீடு படி.
என் தடத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினேழு படிகள் என்றார்,
யாரும் கேட்காமலே.
கேட்டதற்கு மட்டும் பதில், ஆரின்,
என்றார் அவர் பக்கத்து வழக்கறிஞர்.
அதையும் அடித்தேன்.

மாத்திரை எப்போது தொடங்கினீர்கள்?
அறுபத்தொன்றில். கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பத்தெட்டு.
பிறகு?
நூற்று முப்பது. டாக்டர் கை குலுக்கினார்.
வலி எந்தத் தேதியில் தொடங்கியது?

அவர் தன் தொடையைப் பார்த்தார்,
அங்கே முத்திரை குத்தியிருப்பதுபோல.

வலி என்ன கல்யாணமா, நாள் பார்த்து வர?
இது நான் நினைத்தது. பதிவில் இல்லை.

அவர் சொன்னது:
ஸ்கார்ஸ்டாட் வீட்டுப் பதினான்காவது படியில்
ஒருநாள் இடது கால் வரவில்லை.
வலது கால் மேலே போய்விட்டது, இது கீழேயே நின்றது.
கையில் மின்கட்டணமும் ஒரு விதைக்கடைப் புத்தகமும்.
எப்போதும் குரைக்கும் நாய்
அன்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்த்தரப்பு இளைஞர் மரியாதையானவர்,
குரலை உயர்த்தவே இல்லை.
குளிர்காலத்தில் பனி வாருவீர்களா? ஆம்.
நாற்பது வருடமாக? ஆம்.
அறுபத்து மூன்றில் யாருக்குத்தான் கால் வலிக்காது?
பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தீர்களா?
தபால்தலை அளவுக்கு மடித்து வைத்திருந்தார்களே, அதையா?
ஆம், அல்லது இல்லை.
தலையை அசைத்தார்.

அந்த அறையில் எனக்கென்று இருந்தது ஒரே வசனம்.
ஐயா, வாயால் சொல்லுங்கள்.
தலையாட்டுவதை என்னால் எழுத முடியாது.

இல்லை, என்றார், என்னைப் பார்த்து.

இதுவரை மாரடைப்பு வந்ததுண்டா? இல்லை.
அப்படியானால் மாத்திரை வேலை செய்திருக்கிறது.
ஆட்சேபம், என்றது ஒரு குரல்.
ஹவுக்லாண்ட் வெகுநேரம் யோசித்தார்.
இருக்கலாம்.
அப்பா ஐம்பத்தெட்டில் போனார், பனிவாரி கையிலிருக்க.
எனக்கு அறுபத்தேழு.
யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் கோபம்.
அவர் பக்கத்து வழக்கறிஞர்
கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.
மேசை விளிம்பைப் பிடித்தார்.
விசைகளின்மேல் விரல்வைத்துக் காத்திருந்தேன்.
நெரிந்த பல்லுக்கு விசை கிடையாது.
வெளுத்த விரல்முட்டிக்குக் கிடையாது.
"பதில் இல்லை" என்று அடித்தேன்,
விதிப்படி.

அன்றிரவு என் மாத்திரையை விழுங்கினேன்.
அதே கம்பெனி, வேறு நிறம்.
கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தேன்.
வலித்தது.
அமுக்கியதாலா?

படி ஏறியவருக்கு
நூற்றறுபது பக்கப் படி ஒன்று போயிற்று,
பிழை திருத்தும் தாளோடு.
அந்தத் தாள் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்பும்,
மிஞ்சினால் பெயரில் ஓர் எழுத்து.
இவருடையது பதிவுத்தபாலில் வந்தது,
பின்கோடு அத்தனை அழகாக:

பக்கம் 112, வரி 9.
இருப்பது: பதில் இல்லை.
இருக்க வேண்டியது: பதில் சொன்னேன்.
காரணம்: எழுந்திருக்க நான்கு தடவை ஆனது. தட்டச்சு செய்த அம்மா பார்த்தார்.

திருத்தத்தைக் கடைசியில் கோத்துவிடுவோம்.
உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

ஏப்ரலில், ஏரி உடையும் சத்தம் கேட்ட வாரம்,
வழக்கு தள்ளுபடி.
அவரோடு இன்னும் நூற்றுக்கணக்கான பெயர்கள்.
மாத்திரையால்தான் என்று நிரூபிக்கப்படவில்லையாம்.
மாத்திரையால் இல்லை என்றும் எங்கும் எழுதவில்லை;
மூன்று முறை தேடினேன்.

நீ பார்த்தாயா என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
தலையாட்டியிருப்பேன்.